எலுமிச்சை மரத்தடியில் மரத்தூள்

மாமரம் வளர்ப்பவர்களுக்குத் தண்டு துளைப்பானைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அடிமரத்தில் ஒரு ஓட்டை, அதிலிருந்து ஈரமாகப் பிதுங்கும் தூள், அப்புறம் ஒரு நாள் பார்த்தால் ஒரு பக்கக் கிளை முழுக்கக் காய்ந்து நிற்கும். காபித் தோட்டக்காரர்களுக்கு வெள்ளைத் தண்டு துளைப்பான் இதைவிடப் பெரிய தலைவலி. இந்த இரண்டு புழுக்களும் வளர்ந்து வண்டாகும்போது ஒரே குடும்பம்தான்: நீள்கொம்பு வண்டுகள். அந்தக் குடும்பத்தில் ஆரஞ்சு, எலுமிச்சை, பம்பளிமாஸ் போன்ற மரங்களைத் தேடிப்போகிற ஒன்றைத்தான் இங்கே அறிமுகப்படுத்தப் போகிறேன். அறிவியல் பெயர் அனோப்ளோபோரா சைனென்சிஸ். புரிவதற்கு எளிதாக எலுமிச்சை நீள்கொம்பு வண்டு என்று வைத்துக்கொள்வோம்.

இதன் சொந்த ஊர் கிழக்காசியா. சீனா, கொரியா, ஜப்பான், தைவான் ஆகிய இடங்களில் காலங்காலமாக இருந்துவருகிறது. 1771இல் யோஹான் ரைன்ஹோல்ட் ஃபார்ஸ்டர் என்ற இயற்கை ஆய்வாளர் இதை முதன்முதலில் அறிவியல் முறைப்படி விவரித்தார். அடுத்த ஆண்டே கேப்டன் குக்கின் இரண்டாவது உலகப் பயணத்தில் கப்பலேறியவர் அவர். ஆனால் சீன, ஜப்பானிய விவசாயிகளுக்கு இந்த வண்டை அறிமுகப்படுத்த யாரும் தேவைப்படவில்லை. அவர்கள் வைத்திருக்கும் பெயர்களே அதைச் சொல்லும். சீனத்தில் இதற்கு 'விண்மீன் விண்மாடு' என்று பொருள்படும் பெயர். உடம்பில் விண்மீன் போன்ற புள்ளிகள், தலையில் மாட்டுக்கு இருப்பது போல நீண்டு வளைந்த கொம்புகள், பறக்கவும் செய்யும் என்பதால் விண்மாடு. ஜப்பானியப் பெயரில் எள் தூவியது போன்ற புள்ளி என்ற பொருள் வரும். அங்கே இதன் புழுவுக்குத் தனிப் பெயர் உண்டு: துப்பாக்கிப் புழு. மரத்தில் அது போடும் நீண்ட வட்டத் துளை துப்பாக்கிக் குழாயைப் போல இருப்பதால் வந்த பெயர். வண்டுக்கு ஒரு பெயர், அதன் புழுவுக்கு வேறொரு பெயர் என்று பிரித்து வைத்திருப்பது எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. ஏனென்று போகப்போகத் தெரியும்.

பார்ப்பதற்கு இது அழகான வண்டு. ஏறக்குறைய 2 முதல் 4 செ.மீ. நீளம். பளபளப்பான கருப்பு இறக்கை மூடிகளில் கோலத்துக்குப் புள்ளி வைத்தது போல வெள்ளைப் புள்ளிகள். உணர்கொம்புகளில் கருப்பும் நீலவெள்ளையும் மாறி மாறி வளையங்கள். ஆண் வண்டுக்கு அந்தக் கொம்பு உடம்பைப் போல இரண்டு மடங்கு நீளம் இருக்கும். பெண்ணுக்கு உடம்பைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆகவே தூரத்திலிருந்தே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம். இறக்கை மூடி தொடங்கும் இடத்தில், அதாவது தோள்பட்டைப் பக்கம், சின்னச் சின்ன மணிகள் போல முண்டுகள் இருக்கும். இதே சாயலில் ஆசிய நீள்கொம்பு வண்டு என்று நெருங்கிய உறவு ஒன்று உண்டு. அதன் தோள்பட்டை வழவழப்பாக இருக்கும். இரண்டையும் பிரித்தறிய ஆய்வாளர்கள் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

சரி, இவ்வளவு பெரிய, கண்ணில் படுகிற வண்டைப் பிடிப்பது கடினமா? பிடிப்பது எளிது. வேகமாகப் பறந்து ஓடும் வண்டும் அல்ல. பிறந்த மரத்தின் அக்கம்பக்கத்திலேயே பெரும்பாலும் சுற்றிக்கொண்டிருக்கும். இலைக்காம்பையும் இளங்கிளையின் பட்டையையும் கொறிக்கும். அந்தக் கொறிப்பால் சில நுனிக் கிளைகள் வாடும், அவ்வளவுதான். மரம் அதனால் சாகாது.

மரத்தைக் கொல்வது புழு. தென்னையைத் தெரிந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை எளிதாகச் சொல்லலாம். காண்டாமிருக வண்டின் புழு எருக்குழியில் மக்கிய குப்பையைத் தின்றுகொண்டு யாருக்கும் தொந்தரவில்லாமல் கிடக்கும். வளர்ந்த வண்டுதான் தென்னையின் குருத்தைக் குடையும். நீள்கொம்பு வண்டில் இது அப்படியே தலைகீழ். வளர்ந்த வண்டு வெளிச்சத்தில் சில வாரங்கள், மிஞ்சினால் இரண்டு மூன்று மாதங்கள் வாழ்கிறது. புழுவோ ஒரு வருடம், இரண்டு வருடம் மரத்துக்குள்ளேயே கிடக்கிறது. நாம் பார்க்கும் பருவம் குறுகியது, அதிகம் கெடுதல் செய்யாதது. நாம் பார்க்க முடியாத பருவம் நீண்டது, மரத்தைக் கொல்வது. இந்தப் பூச்சியைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது

கோடையில் வெளிவரும் வண்டுகள் கொஞ்ச நாள் தின்று திரிந்து இணைசேர்கின்றன. அதன்பின் பெண் வண்டு மரத்தின் உச்சியை விட்டு அடிமரத்துக்கு இறங்குகிறது. தரையை ஒட்டிய பகுதி, மண்ணுக்கு வெளியே தெரியும் வேர், அதுதான் அதற்குப் பிடித்த இடம். பட்டையைத் தாடைகளால் சின்னதாகக் கீறி, கீறலுக்குள் ஒரு முட்டை வைக்கும். ஒரு கீறலுக்கு ஒரு முட்டை. அப்புறம் சற்றுத் தள்ளி இன்னொரு கீறல், அல்லது அடுத்த மரம். அரிசி மணி அளவுக்கு, 5, 6 மி.மீ. நீளத்தில், பால் நிறத்தில் இருக்கும் அந்த முட்டை. மொத்தமாகக் குவித்து வைக்காமல் ஒவ்வொன்றாகப் பிரித்து வைப்பதில் தாய்க்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு குஞ்சுக்கும் தின்னத் தனி இடம் கிடைக்கும்.

ஒன்றிரண்டு வாரங்களில் முட்டை பொரிகிறது. வெளியே வரும் புழுவுக்குக் கால் கிடையாது. வெள்ளை உடம்பு, கெட்டியான தலை, வலுவான தாடை, இவ்வளவுதான். அது முதலில் மரத்தின் கட்டைக்குள் போவதில்லை. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய, ஈரமான அடுக்கைத் தின்னத் தொடங்குகிறது.

இந்த அடுக்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மரத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பெரிய மரத்தின் நடுக்கட்டை பெரும்பாலும் செத்த திசுக்கள்தான். நடுவில் பொந்து விழுந்த பழைய புளியமரம் ஆண்டுதோறும் காய்ப்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் பட்டைக்குச் சற்று உள்ளே இருக்கும் மெல்லிய படலத்தில்தான் மரம் பருக்கிறது. இலையில் சமைத்த சர்க்கரை வேருக்கு இறங்குவதும் உட்பட்டை வழியாகத்தான். வேண்டாத மரத்தைப் பட்டுப்போக வைக்க அடியைச் சுற்றி வளையமாகப் பட்டையை உரிப்பார்கள் அல்லவா, அதன் காரணம் இதுதான். சர்க்கரை கீழே போகாமல் வேர் பட்டினி கிடந்து சாகும். வேர் செத்தால் மேலே தண்ணீர் ஏறாது.

இந்தப் புழு செய்வது அதே வேலைதான், உள்ளிருந்து, மெதுவாக. இளம் மரத்தின் அடித்தண்டு ஒல்லியாக இருப்பதால் ஒரே ஒரு புழு போதும், சுற்றுப்பட்டையைப் பெருமளவுக்கு அறுத்துவிடும். பெரிய மரத்தை வீழ்த்தப் பல புழுக்கள் வேண்டும். அங்கே மரம் சட்டென்று சாகாது. இலை மஞ்சளாகும், காய்ப்புக் குறையும், காயத்தின் வழியே பூஞ்சை நுழையும், வறட்சி வந்தால் தாங்காமல் போகும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் பாய்ச்சுவோம். உரம் போதவில்லை என்று உரம் வைப்போம். நோய் இருக்கும் இடம் காலடியில், நாம் பார்ப்பதோ இலையை.

கொஞ்சம் வளர்ந்ததும் புழு கட்டைக்குள் இறங்குகிறது. அங்கே மேலும் கீழுமாகச் சுரங்கம் வெட்டும். வேருக்குள்ளும் போகும். முழு வளர்ச்சியில் 5 செ.மீ. நீளம் வரை இருக்கும், நம் விரல் பருமனுக்குக் கிட்டத்தட்ட. வெட்டிய தூளையும் எச்சத்தையும் சின்ன ஓட்டைகள் வழியே வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அடிமரத்தைச் சுற்றி மண்ணில் மரத்தூள் குவிந்து கிடப்பது அதனால்தான். உள்ளே இருப்பது தன்னைப் பற்றி வெளியே சொல்லும் ஒரே சேதி அந்தத் தூள். பிறகு கட்டைக்குள்ளேயே ஓர் அறை செய்து, கூட்டுப்புழுவாகி, வண்டாகி, வட்டமாக ஒரு துளை போட்டுக்கொண்டு வெளியே வருகிறது. துளையின் அகலம் 1 முதல் 1.5 செ.மீ. பென்சிலைத் தாராளமாக உள்ளே விடலாம்.

அந்தப் பெரிய துளையைப் பார்த்துத்தான் பலரும் முதல்முறை திடுக்கிடுகிறார்கள். மருந்து ஊற்றுகிறார்கள். ஆனால் அது வாசல் அல்ல, வெளியேறிய வழி. அதைப் போட்ட வண்டு போய்விட்டது, உள்ளே செய்ய வேண்டியதை எல்லாம் செய்து முடித்துவிட்டு. துளை ஒன்று இருந்தால் அந்த மரத்தில் இன்னும் வெளிவராத புழுக்கள் இருக்கக்கூடும் என்று பொருள்கொண்டு, தூளைத் தேடுவதுதான் சரி.

எதிரி என்று சொல்வதற்கு முன்

நீள்கொம்பு வண்டுக் குடும்பத்தில் உலகம் முழுக்க 35,000க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை செத்த மரத்தையும் சாகப்போகும் மரத்தையும் தின்று மண்ணுக்குத் திருப்பித் தருபவை. காட்டில் அவை இல்லாவிட்டால் விழுந்த மரங்கள் மக்குவதற்கு இன்னும் எத்தனையோ காலம் பிடிக்கும். நீளக் கொம்பு இருக்கிறதே என்று கண்ணில் படும் வண்டையெல்லாம் நசுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நல்ல ஆரோக்கியமான மரத்தைத் தாக்குபவை கொஞ்சம்தான். எலுமிச்சை நீள்கொம்பு வண்டு அந்தக் கொஞ்சத்தில் ஒன்று. அதுவும் ஒரே வகை மரத்தோடு நிற்பதில்லை. மேப்பிள், வில்லோ, பாப்லர், ஆப்பிள், பேரி, அத்தி, ரோஜா என்று 100க்கும் மேற்பட்ட மரஞ்செடி வகைகளில் அதன் புழு வளர்ந்திருக்கிறது.

ஜப்பானின் ஆரஞ்சுத் தோட்டங்களில் இதற்கு எதிராகப் பல காலமாகக் கையால் செய்யும் வேலைகள் இருக்கின்றன. வண்டு வெளிவரும் பருவத்தில் காலையில் மரம் மரமாகப் போய்ப் பிடிப்பது. அடிமரத்தில் கீறல் தென்பட்டால் கத்தியால் சுரண்டியோ தட்டியோ முட்டையை நசுக்குவது. தூள் வரும் ஓட்டைக்குள் கம்பியை விட்டுப் புழுவைக் குத்துவது. மரத்தடியில் களை மண்டவிடாமல் வைப்பது, ஏனென்றால் களை மூடியிருந்தால் தூளும் தெரியாது, வண்டும் தெரியாது. அடிமரத்தைச் சுற்றி வலை கட்டினால் பெண் வண்டுக்கு முட்டையிட இடம் கிடைக்காது. சீனத்தில் அடிமரத்துக்குச் சுண்ணாம்பு பூசுகிறார்கள். நம் ஊரில் சாலையோரப் புளியமரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்திருப்பதைப் பார்த்த கண்ணுக்கு அது புதிதாகத் தெரியாது. அங்கே அதன் நோக்கம், பட்டையில் முட்டை வைக்க வரும் வண்டைத் தடுப்பது.

இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானில் விற்பனைக்கு வந்த பூஞ்சைப் பட்டை. பியூவேரியா பிராங்னியார்ட்டி என்ற பூஞ்சையைத் துணிப் பட்டைகளில் வளர்த்து, அதை அடிமரத்திலோ கிளையிலோ சுற்றிவிடுவார்கள். மரத்தில் ஏறி இறங்கும் வண்டு அந்தப் பட்டையின் மேல் நடக்கும்போது பூஞ்சை வித்துகள் அதன் காலிலும் வயிற்றிலும் ஒட்டிக்கொள்ளும். சில நாட்களில் பூஞ்சை உடம்புக்குள் வளர்ந்து வண்டைக் கொல்லும். இதில் அழகு என்னவென்றால், வண்டின் பழக்கத்தையே அதற்கு எதிராகத் திருப்பியிருக்கிறார்கள். வெளியே இருக்கும் குறுகிய காலத்தில், முட்டை வைக்கும் முன் பிடித்தால்தான் உண்டு என்று புரிந்துகொண்டவர்களின் யோசனை அது.

சீனத்தில் ஆரஞ்சு மரங்களைக் காக்க முசுறு எறும்புக் கூடுகளைக் கொண்டுவந்து மரத்தில் வைக்கும் வழக்கம் மிகப் பழையது. கி.பி. 304ஐச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு குறிப்பில், அப்படிப்பட்ட கூடுகள் சந்தையில் விற்கப்பட்டதாக வருகிறது. இலைகளை இழையால் தைத்துக் கூடு கட்டும் அதே முசுறுதான் நம் ஊர் மாமரத்திலும் இருக்கிறது. ஆனால் இலை மேலும் காய் மேலும் திரியும் பூச்சியைத்தான் முசுறு பிடிக்கும். பட்டைக்குள் போய்விட்ட புழுவை அதனாலும் தொட முடியாது. மேலே தெளிக்கும் பூச்சிமருந்துக்கும் அதே கதிதான்.

கடல் கடந்த கதை

இதுவரை சொன்னது கிழக்காசியாவுக்குள் நடப்பது. அங்கே இந்த வண்டுக்கு ஒட்டுண்ணிக் குளவிகள், பூஞ்சைகள் என்று இயற்கையான எதிரிகள் உண்டு. எந்த மாதத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்று விவசாயிக்கும் தெரியும். வண்டு வேறு கண்டத்துக்குப் போய் இறங்கும்போது இந்த இரண்டுமே கூடப் போவதில்லை.

இதன் உறவான ஆசிய நீள்கொம்பு வண்டு 1996இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டது. சரக்கு கட்டி அனுப்பும் மரப்பெட்டிகள், மரச்சட்டங்களுக்குள் ஒளிந்து அது வந்து சேர்ந்தது. அதற்குத் தீர்வாக 2002இல் உலக அளவில் ஒரு விதி வந்தது: ஏற்றுமதிச் சரக்குக்குப் பயன்படும் மரத்தை உட்கட்டை வரை 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் குறைந்தது 30 நிமிடம் வைக்க வேண்டும், அல்லது புகைமருந்து போட வேண்டும். துறைமுகத்தில் மரச்சட்டங்களின் மேல் கோதுமைக் கதிர் போன்ற முத்திரை பார்த்திருந்தால், அது இந்த விதிக்கானது.

எலுமிச்சை நீள்கொம்பு வண்டு அந்த வழியில் பெரும்பாலும் பயணம் செய்வதில்லை. அது உயிருள்ள செடிக்குள் போகிறது. உயிருள்ள செடியை 56 டிகிரியில் வேகவைக்க முடியாது. தொட்டியில் வளர்க்கும் மேப்பிள், பொன்சாய் மரங்கள், நாற்றுகள் இவற்றின் அடித்தண்டுக்குள் ஒரு புழு இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. இலை பச்சையாகத்தான் இருக்கும். பரிசோதகர் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார். புழுவுக்கு ஒன்றிரண்டு ஆண்டு அவகாசம் இருப்பதால், செடி வந்திறங்கி, விற்று, யாரோ ஒருவர் வீட்டு முற்றத்துக்குப் போன பிறகு வண்டு வெளிவரும்.

2001 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்குப் பக்கத்திலுள்ள டக்விலா என்ற ஊரில் அப்படித்தான் நடந்தது. கொரியாவிலிருந்து வந்த பொன்சாய் மேப்பிள் செடிகள் ஒரு நாற்றங்காலில் இருந்தன. அவற்றிலிருந்து வண்டுகள் வெளியேறியிருப்பது தெரிந்தது. துளைகளை எண்ணினால் 8. கையில் சிக்கிய வண்டுகள் 3. மீதி 5 எங்கே? அந்த ஐந்து வண்டுகளுக்காகச் சுற்றுப்புறத்தில் ஏறக்குறைய 1,000 மரங்களை வெட்டினார்கள். இன்னும் தள்ளியிருந்த மரங்களுக்கு வேர் வழியாகவும் தண்டு வழியாகவும் மருந்து செலுத்தினார்கள். பல ஆண்டுகள் கண்காணித்தார்கள். வண்டு அங்கே நிலைகொள்ளவில்லை. ஐந்து வண்டுக்கு ஆயிரம் மரமா என்று முதலில் படித்தபோது எனக்கும் தோன்றியது. இத்தாலியில் நடந்ததைப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது.

இத்தாலியின் லொம்பார்டி மாநிலத்தில், மிலான் நகருக்கு அருகேயுள்ள பராபியாகோ என்ற ஊரில் 1997இல் முதல் வண்டு பிடிபட்டது. அதற்குள் அது அந்தப் பகுதியில் வேர்விட்டுவிட்டிருந்தது. தெருவோர மரங்கள், பூங்காக்கள், வீட்டுத் தோட்டங்கள் என்று பரவியது. ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டியும் இன்றுவரை அங்கிருந்து முழுதாக ஒழிக்க முடியவில்லை. மரத்தை வெட்டினால் போதாது என்பது அங்கே கற்ற பாடம். புழு வேருக்குள்ளும் இருக்கும் என்பதால் அடிக்கட்டையையும் வேரையும் தோண்டி எடுக்கவோ அரைக்கவோ வேண்டும். தன் வீட்டு முன்னால் நிழல் தந்த மரத்தை, பார்வைக்கு நன்றாகவே இருக்கும்போது, வேரோடு எடுத்துப்போக வரும் ஆட்களிடம் ஒருவர் என்ன சொல்வார்? அந்த வேதனை புள்ளிவிவரத்தில் வராது.

ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் கொண்டுவந்த விதிகளைப் படித்தால், இந்த வண்டின் வாழ்க்கை வரலாறு சட்டமாக எழுதப்பட்டது போல இருக்கும். தாக்கப்பட்ட மரத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் அது வளரக்கூடிய செடிவகைகளை எல்லாம் வெட்ட வேண்டும், ஏனென்றால் தாய் வண்டு அதிக தூரம் போவதில்லை. அதற்கு வெளியே குறைந்தது 2 கி.மீ. அகலத்துக்குக் கண்காணிப்பு வளையம், ஏனென்றால் சில வண்டுகள் போகத்தான் செய்யும். வரிசையாக நான்கு ஆண்டுகள் ஒன்றும் கிடைக்காவிட்டால்தான் ஒழிந்தது என்று அறிவிக்கலாம், ஏனென்றால் உள்ளே இருக்கும் புழு ஒன்றிரண்டு ஆண்டு கழித்துத்தான் தலைகாட்டும். வெளிநாட்டிலிருந்து வரும் செடிகள் இரண்டு ஆண்டுகள் பூச்சி நுழைய முடியாத இடத்தில் வளர்ந்திருக்க வேண்டும். சிலவற்றை வெட்டிப் பிளந்தும் பார்ப்பார்கள்.

லொம்பார்டியில் இன்னொன்றும் தெரியவந்தது. அங்கே இந்த வண்டின் முட்டைகளுக்குள் மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி ஒன்று வளர்வதைக் கண்டார்கள். புதிய இனம் என்று 2004இல் அதற்கு அப்ரோஸ்டோசீட்டஸ் அனோப்ளோபோரே என்று பெயரிட்டார்கள். எதிரி தேடி வந்த கூட்டாளி போல அது வந்து சேர்ந்திருக்கிறது. இந்தச் செய்தி தரும் நம்பிக்கை எனக்குப் பிடித்திருக்கிறது, அது மட்டுமே போதாது என்றாலும்.

நமக்கும் பக்கத்தில்

இதே அனோப்ளோபோரா பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு வண்டு, அனோப்ளோபோரா வெர்ஸ்டீகி, இந்தியாவின் வடகிழக்கில் காசி மாண்டரின் என்ற புகழ்பெற்ற கமலா ஆரஞ்சு மரங்களை வாட்டுகிறது. மேகாலயா, அசாம் பகுதி விவசாயிகள் அதை அடிமரத் துளைப்பான் என்ற அளவில் நன்றாகவே அறிவார்கள். வேலைமுறை அதேதான்: அடிமரத்தில் முட்டை, உள்ளே புழு, வெளியே தூள்.

ஆகவே எலுமிச்சையோ மாவோ, வீட்டில் மரம் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை குனிந்து அதன் காலடியைப் பாருங்கள். களையை விலக்கிவிட்டுப் பாருங்கள். கரையான் என்றால் மண்பூச்சு தெரியும். துளைப்பான் புழு என்றால் மண் இருக்காது, நார்நாரான மரத்தூள் இருக்கும். புதிய தூள் வெளிறிய நிறத்தில் ஈரமாக இருக்கும், அதற்கு நேர் மேலே ஓட்டையைத் தேடலாம். தூளைப் பெருக்கி எடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்து மீண்டும் பாருங்கள். மறுபடியும் விழுந்திருந்தால் புழு உள்ளே உயிரோடு இருக்கிறது, கம்பி எடுக்க வேண்டிய நேரம் அது.

ஆஸ்திரியாவில் இந்த வண்டுகளைத் தேட நாய்களைப் பழக்கியிருக்கிறார்கள். மனிதக் கண்ணுக்குத் தூள்கூடத் தெரியாத கட்டத்திலேயே, பட்டைக்குள் இருக்கும் புழுவையும் அதன் எச்சத்தையும் அவை மோந்து கண்டுபிடித்துவிடும். கப்பலில் வந்திறங்கிய செடிகளையும் பூங்கா மரங்களையும் அவற்றை விட்டுச் சோதிக்கிறார்கள். இந்த வண்டைத் தேடும்போது அந்த நாய்களும் மேலே இலையைப் பார்ப்பதில்லை. மூக்கு போவது அடிமரத்துக்கு, மண்ணும் பட்டையும் சேரும் இடத்துக்கு.